ஏழாம் எண்ணுக்கான ஜெபம்

“அந்த ஏழாம் நம்பர் இன்னும் உயிரோட இருக்காரா?”

ஏணியின் மேல்படியில் நின்றபடி ஃபேன்காரர் ஒருநாள் அவளிடம் இப்படிக் கேட்டார். கடையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்பது போல இருந்தது அவர் கேட்ட விதம். சபைக் கூடத்தின் மூன்றாவது மின்விசிறி ஒரு மாதமாக முனகிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றவே அவர் மேலே ஏறியிருந்தார். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இருக்காருங்க. போன புதன்கிழமைகூட ஜெபம் பண்ணோமே” என்றாள் மெதுவாக.

ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அந்தச் சபையில் இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது.

சபையில் அவளை எல்லோரும் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுடைய அக்காவுக்கு. அக்கா எல்லோருக்கும் அக்கா, ஆகவே இவள் எல்லோருக்கும் தங்கச்சி. முப்பத்து நான்கு வயதான பின்பும், எண்பது வயதுக்காரர்கள்கூட அப்படியே கூப்பிட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அந்தத் தொண்டை இன்னும் சரியாகவில்லை. “இவளுக்கு வாயைக் குடுத்த ஆண்டவர் சாவியைக் குடுக்க மறந்துட்டார்” என்பாள் அக்கா. கூட்டுவது, துடைப்பது, மிஷனரிக் குழுவுக்கு டீ போடுவது, சனிக்கிழமைதோறும் மிஷனரிப் பலகையை ஈரத்துணியால் துடைப்பது, இவ்வளவும் தங்கச்சியின் வேலை.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடத்தின் பக்கச் சுவரில் ஒரு பெரிய உலகப் படம். அதைச் சுற்றிப் பன்னிரண்டு புகைப்படங்கள். ஒவ்வொரு புகைப்படத்திலிருந்தும் ஒரு சிவப்பு நூல் கிளம்பி, ஏதோ ஒரு நாட்டில் குத்தியிருக்கும் குண்டூசியில் போய் முடியும். இவர்களுடைய ஊர் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் பக்கத்தில் தொங்கும் நாள்காட்டியின் மூலை மறைத்துக்கொண்டிருந்தது. புகைப்படங்களுக்குக் கீழே பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பாதுகாப்புக் காரணம் என்பார் குழுவின் தலைவர். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று ஒருவரும் கேட்டதில்லை. பெயர்களை ரகசியமாக வைப்பதில் சபை அபாரமாக வெற்றி பெற்றிருந்தது. இப்போது சபையிலேயே ஒருவருக்கும் அந்தப் பெயர்கள் தெரியாது.

தலைவர் தபால் துறையில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். தன் காலத்தில் ஒரு கடிதம்கூடத் தவறியதில்லை என்று அவர் சொல்லாத கூட்டம் கிடையாது. பலகையைத் தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து அவரே தலைவர். ஒவ்வொரு புதன்கிழமை மாலையும் பெட்டியிலிருந்து ஒரு மிஷனரியின் கடிதத்தை எடுப்பார். முதலில் உறையைத் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்ப்பார். “இருபத்திரண்டு நாள் ஆயிருக்கு. அந்த ஊர் தபால்காரங்க நடந்தே வந்தாலும் இதுக்குள்ள வந்திருக்கலாம்” என்று ஒரு தீர்ப்புச் சொல்வார். அதன்பிறகே உறையைக் கிழித்து, எல்லோர் முன்னாலும் முதன்முறையாக வாசிப்பார். முன்கூட்டியே பிரித்துப் படிப்பது அவருக்கு ஆகாது.

கடிதங்களில் தடித்தது முதலில். இது எழுதாத சட்டம். தடித்த கடிதம் என்றால் உள்ளே புகைப்படம் இருக்கும், காட்டு வழி இருக்கும், காய்ச்சல் இருக்கும், குறைந்தபட்சம் ஒரு பாம்பாவது இருக்கும். ஏழாம் எண்ணின் கடிதங்களோ ஒல்லி. பம்பு கெட்டுவிட்டது, பம்பு சரியாகிவிட்டது, மூன்று பேர் வருகிறார்கள், ஜெபியுங்கள். எப்போதும் இதுதான். போகப் போக அவை பெட்டியின் அடிக்குப் போய்விட்டன.

அதற்காக ஏழாம் எண்ணுக்கான ஜெபத்தில் குறை வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர் புகைப்படத்தில், பின்னால் ஓர் ஆறு தெரியும். அந்த ஆற்றைப் பார்த்த நாளிலேயே தலைவர் அதில் முதலைகளை விட்டுவிட்டார். “முதலைகளின் வாய்க்கு உம்முடைய ஏழாம் எண்ணைத் தப்புவியும்” என்று கண்ணை மூடி உருகுவார். புகைப்படத்தில் அந்த மனிதரின் இடது காது நுனி இல்லாமல் பிய்ந்திருக்கும். முதலை தன் முயற்சியைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி என்று சபை நம்பியது. பின்வரிசைப் பெண்கள் அழுவார்கள்.

உள்ளூர் ஊழியத்துக்கும் ஒரு குழு உண்டு. அதில் இருந்தவர் ஒரே ஒருவர், ஓய்வு பெற்ற டீச்சரம்மா. சபைக்கு வந்தும் வாய் திறக்காதவர்களின் பட்டியல் ஒரு நீல நோட்டில் அவரிடம் இருந்தது. அதில் பத்துப் பதினோரு வருடமாக இப்படி ஒரு வரி: “ஃபேன்காரர். கடைசி பெஞ்சு. சுவிசேஷக் கைப்பிரதி மூன்று முறை கொடுத்தாயிற்று. இன்னும் மனம் திறக்கவில்லை.”

அந்த ஃபேன்காரர்தான் இப்போது ஏணியின் மேலிருந்து பலகையைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கச்சி அண்ணாந்து பார்த்தாள். வழுக்கைத் தலை, வெள்ளைத் தாடி, மூக்குக் கண்ணாடி. இதுவரை அவரை நேருக்கு நேர் பார்த்திருக்கிறாள், கீழிருந்து பார்த்ததில்லை. தாடிக்கு மேலே இடது காது தெரிந்தது. அதன் நுனி இல்லை. எத்தனை சனிக்கிழமை துடைத்த காது அது. சபையில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்கு அந்தக் காது தெரியும்.

ஏணியை விடாமலே பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். 

“அண்ணே, உங்க காது...”

“நாய்” என்றார் அவர். “சின்ன வயசுல எங்க வீட்டு நாயே கடிச்சது. தலைவர்கிட்ட சொல்லிடாதே. இத்தனை வருஷமா முதலையை வளர்த்தவரு, மனசு உடைஞ்சுபோயிடுவாரு.”

பிறகு இறங்கி வந்து, கழற்றிய மின்விசிறியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் தூசியைத் துடைத்தபடியே மீதியைச் சொன்னார். பதினான்கு வருடம் அங்கே இருந்தாராம். ஊழியம் பாதி, தண்ணீர்ப் பம்பு பாதி. பம்பைச் சரிசெய்யத் தூக்கித் தூக்கியே முதுகு போயிற்று. அனுப்பிய சங்கமும் அந்த வருடத்தோடு கலைந்துவிட்டது. பெற்றவர்கள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவருக்கென்று வருடத்துக்கு ஒரு அட்டையாவது போட்டது இந்தச் சபை ஒன்றுதான். ஒவ்வொரு புதனும் உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று அச்சடித்த அட்டை. ஆகவே, முன்பின் பார்த்திராத இந்த ஊருக்கே வருவதாகக் கடிதம் எழுதினார். ஸ்டேஷனுக்கு யாராவது வரச் சொல்லியும் கேட்டிருந்தார்.

யாரும் வரவில்லை. மத்தியானம் வரை பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தானே ஒரு அறை தேடிக்கொண்டார். திரும்பி ஓடி வந்தவனை வரவேற்க அவர்களுக்கு மனமில்லை என்று நினைத்துக்கொண்டார். இருந்தாலும் அடுத்த புதன்கிழமை கால் சும்மா இருக்கவில்லை. வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே ஒரு கூடம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு, ஏழாம் எண்ணை முதலையிடமிருந்து காப்பாற்றும்படி மன்றாடிக்கொண்டிருந்தது.

“எழுந்து நின்னு, நான்தான் அதுன்னு எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த வாரமும் முதலை.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமே, அண்ணே?”

அவர் இறக்கையைத் துடைப்பதை நிறுத்தினார்.

“சொல்லியிருந்தா அன்னிக்கோட நிறுத்தியிருப்பாங்க. ஊர் திரும்பினவனுக்கு யாரு ஜெபம் பண்ணுவா? வாரத்துல ஒருநாள் நாலு பேர் என் நம்பரைச் சொல்றாங்க. பேரில்லேன்னாலும் நம்பராவது சொல்றாங்க. அது எனக்கு வேணும்மா. நீ யாருகிட்டயும் சொல்லிடாதே.”

சொல்ல மாட்டேன் என்று அவள் தலையாட்டினாள். ரகசியம் சொல்ல அந்தச் சபையிலேயே பொருத்தமான ஆளைத்தான் அவர் பிடித்திருந்தார்.

ஆனால் தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பலகையின் இருபத்தைந்தாம் வருட மிஷனரி ஞாயிறு நெருங்கியது. பன்னிரண்டு பேரும் புதுப் புகைப்படமும் புதுக் கடிதமும் அனுப்ப வேண்டும் என்று குழு தீர்மானித்தது. அனுப்பாதவர்களின் இடத்தில் வேறு ஆளைப் போடுவது. மாதத்தின் கடைசிப் புதன்கிழமை பட்டியல் முடிவாகும். குழுவின் செயலாளர் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். பழைய சரக்கைத் தள்ளிவிட்டுப் புதுச் சரக்கை அடுக்குவதில் பழகிய கை. ஏழாம் இடத்துக்கு ஒரு இளம் தம்பதியை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். அவர்கள் அனுப்பிய கடிதம் உறை கிழியும் அளவுக்குத் தடித்திருந்தது. கூடவே ஒரு மலைப்பாம்பின் படமும் வந்திருந்தது, நீளம் தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு சைக்கிளை நிறுத்தி எடுத்த படம்.

“ஏழாம் எண்ணுக்கு ஒரு வாய்ப்புக் குடுத்துட்டுத்தான் எடுக்கணும்” என்றார் தலைவர். நியாயஸ்தர். தங்கச்சியைக் கூப்பிட்டு, இரும்பு அலமாரியில் ஏழாம் எண்ணின் பழைய விலாசம் இருக்கும், தேடி எடு என்றார்.

விலாசம் தேவையில்லை, ஆள் அடுத்த தெருவில்தான் இருக்கிறார் என்று நாக்கு நுனிவரை வந்தது. வழக்கம்போல் அங்கேயே நின்றது.

அலமாரியில் இருபத்தைந்து வருடத்துத் தூசி. மாநாட்டு நோட்டீஸ், உடைந்த மணி, ஒற்றைக் கையுறை. அடித்தட்டில், வாசிக்க வேண்டியவை என்று தலைவரின் கையெழுத்தில் எழுதிய பெட்டி. எல்லாவற்றுக்கும் கீழே ஓர் ஒல்லி உறை. முத்திரையில் பதினோரு வருடத்துக்கு முந்திய தேதி. திருப்பிப் பார்த்தாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா வந்து எட்டிப் பார்த்து, “என்னடி, பல்லியா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை ஃபேன்காரரின் கடைக்குப் போனாள். கடை என்றால் ஒரு கதவு அகலம். உள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள், இறக்கை இல்லாத விசிறிகள், வார்னிஷ் வாசனை. அவர் ஒரு மோட்டாருக்குள் தலையைவிட்டிருந்தார். உறையை நீட்டினாள். தன் கையெழுத்தை அவர் அடையாளம் கண்டுகொள்ள ஒரு நொடி ஆயிற்று. பிறகு திருப்பி, ஒட்டிய வாயை விரலால் தடவிப் பார்த்தார்.

“பிரிக்கவே இல்லையா?”

“இல்லண்ணே.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. பதினோரு வருடமாக, படித்துவிட்டு வராமல் இருந்துவிட்டார்கள் என்று நெஞ்சில் சுமந்திருக்கிறார். படிக்காமலே வராமல் இருந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. கடைசியில் அது சிரிப்புதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஏழாம் இடத்துக்கு மலைப்பாம்பு வரப்போவதையும் அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். கடிதத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

“எழுதினவன் கையிலேயே திருப்பிக் குடுத்தா எப்படி? இது குழுவுக்குப் போட்ட கடிதாசி. அங்கேயே கொண்டுபோய் வை.”

“வாசிச்சுட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே. அப்புறம்...”

“தெரியட்டும்” என்றார். ஆனால் ஸ்குரூ டிரைவரைத் தேடிய அவர் கை, அது பக்கத்திலேயே இருந்தும், இரண்டு தடவை வேறெங்கோ போயிற்று.

கடைசிப் புதன்கிழமை வந்தது. கூடம் வழக்கத்தைவிட நிறைந்திருந்தது. மலைப்பாம்பின் புகழ் பரவியிருந்தது. ஃபேன்காரர் வேலையிலிருந்து நேராக வந்து, கருவிப் பையைக் காலடியில் வைத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தங்கச்சி டீக் கிளாஸ்களோடு கதவோரம் நின்றாள்.

தலைவர் பெட்டிக்குள் கைவிட்டார். மேலாக இருந்தது, தங்கச்சி கொண்டுவந்து வைத்த அந்த ஒல்லி உறைதான். வழக்கம்போல் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்த்தார். தீர்ப்பு வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உறையைப் புரட்டி, அது ஒட்டியே இருப்பதைப் பார்த்தார். செயலாளர் மெதுவாக, “ஐயா, அடுத்ததை எடுங்களேன். தடிச்சது இருக்கு” என்றார்.

அப்படிச் செய்திருந்தால் ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. தலைவர் ஒருகணம் யோசித்தார். ஆனால் தாமதமான கடிதத்தைச் சேர்க்காமல் விடுவதை அவருடைய முப்பத்தாறு வருடம் அனுமதிக்கவில்லை. கிழித்தார். வாசித்தார்.

“அன்பான சபையாருக்கு, உங்கள் ஏழாம் எண் எழுதுவது. பம்பு ஓடுகிறது. மூன்று பேர் வருகிறார்கள். என் முதுகு இனிமேல் இங்கே உதவாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்கென்று வேறு யாரும் இல்லாததால், நீங்கள் இருக்கும் ஊருக்கே வருகிறேன். வரும் இருபதாம் தேதி காலை ரயிலில் இறங்குவேன். பெட்டி ஒன்றுதான், கொஞ்சம் கனம். தூக்கிவிட ஒருவர் வந்தால் போதும். ஆளை அடையாளம் தெரிய, காதைப் பாருங்கள்.”

தொடங்கும்போது கூடத்தின் கடைசிவரை கேட்ட அவர் குரல், முடியும்போது மேஜையைத் தாண்டவில்லை. கடிதத்தை மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்துத் தேதியைப் பார்த்தார்.

“இவர் வந்து சேர்ந்தாரா?” என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

எல்லாத் தலைகளும் பலகையில் இருந்த காதின் பக்கம் திரும்பின. கடைசி பெஞ்சின் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை. தங்கச்சி அங்கே பார்த்தாள். ஃபேன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, சொல் என்பது போல அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

அவள் டீத் தட்டைக் கீழே வைத்தாள். தொண்டை அடைத்தது. அடைத்தபடியே பேசினாள்.

“வந்துட்டாருங்க, ஐயா. பதினோரு வருஷமா வந்துக்கிட்டுத்தான் இருக்காரு. அதோ.”

கூடத்தில் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. அக்கா, தங்கச்சியின் வாயை முதன்முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். டீச்சரம்மா நீல நோட்டைத் திறந்து, ஒரு வரியைத் தேடி, சத்தமில்லாமல் அடித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஃபேன்காரரின் காதைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், மறுபடி காதைப் பார்த்தார்கள். ஒருவர் தாங்க மாட்டாமல் முதலை எவ்வளவு நீளம் என்று கேட்டேவிட்டார். நாய் என்ற பதில் கூடத்தில் ஒரு சிறு வருத்தத்தை உண்டாக்கியது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். நம் சகோதரர் பத்திரமாகத் திரும்பிவிட்டதற்காக ஸ்தோத்திரம் என்றும், ஆக ஏழாம் இடம் காலி என்றும் சொன்னார். பலகை வெளிநாட்டு ஊழியர்களுக்கானது என்பதையும் நினைவூட்டினார்.

ஃபேன்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

“காலின்னு யாரு சொன்னது?” என்றார் தலைவர்.

எழுந்து நின்றார். வழக்கம்போல் கண்ணை மூடினார். எல்லோரும் மூடினார்கள். தங்கச்சி மட்டும் மூடவில்லை. “கர்த்தாவே, உம்முடைய ஏழாம் எண்ணை...” என்று தொடங்கி நின்றுவிட்டார். ஆறு இல்லை. முதலை இல்லை. இருபத்தைந்து வருடமாகத் தடங்கலின்றி ஓடிய ஜெபத்துக்கு அடுத்த சொல் கிடைக்கவில்லை. கூடம் காத்திருந்தது. கடைசியில் அவர், ஜெபத்தின் நடுவிலேயே, சபை வழக்கத்துக்கு விரோதமாகக் கண்ணைத் திறந்து, கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்.

“உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கட்டும்?”

“முதுகுதாங்க” என்றார் ஃபேன்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ரூம் மூணாவது மாடியில. படி ஜாஸ்தி” என்றார்.

தலைவர் முதுகுக்காக ஜெபித்தார். மூன்று மாடிப் படிகளுக்காகவும் ஜெபித்தார். பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே ஜெபித்தார். அவர் செய்ததிலேயே மிகச் சின்ன ஜெபம் அது. பின்வரிசைப் பெண்கள் அழ மறந்துவிட்டார்கள்.

ஆமென் சொல்லி முடித்ததும் எல்லோரும் ஃபேன்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். கை கொடுத்தார்கள், டீ நீட்டினார்கள், தங்கள் வீட்டில் முனகும் விசிறிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்கள். தலைவர் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தார். குடையை எடுத்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நடு வழியே நடந்து கடைசி பெஞ்சுக்கு வந்தார். குனிந்து, அங்கே தரையில் இருந்த கருவிப் பையின் பிடியைப் பற்றினார்.

கனமான பை. முதல் இழுப்புக்கு வரவில்லை. ஃபேன்காரர் பதறி, “ஐயா, அது...” என்று கை நீட்டினார். தலைவர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. இரண்டாவது இழுப்பில் பையைத் தூக்கி, வலது தோள் ஒருபக்கம் சரிய, தங்கச்சி திறந்துபிடித்த கதவு வழியாகத் தெருவில் இறங்கி நடந்தார்.